போனில் சொன்ன பதில்

ஜூலை 8, புதன்

மதியம் இரண்டு நாற்பதுக்குச் செய்தி வந்தது. சாண்டோ தீவில், மலைமேல் செல்போன் கோபுரத்தின் பாதி உயரத்தில் இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தேன். போனில் பள்ளித் தலைமையாசிரியர் ஜெத்ரோ. "ஓபெட், லெய்வியா இறந்துட்டாப்பா" என்றார். எந்த லெய்வியா என்று கேட்டேன்.

"உன் சம்சாரம்தான். காய்ச்சல் இறங்கவே இல்ல. வெயிலு கடுமையா இருக்கு. இங்கேர்ந்து அவ ஊருக்குப் போற கப்பல் அடுத்த வாரம்தான். என்ன பண்றது, நீயே சொல்லு" என்றார்.

ஐஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"அப்ப அங்கேயே பொதைச்சிடுங்க" என்றேன்.

கீழே இறங்கினேன். ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். உதவியாளர் டீ வேண்டுமா என்றார். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

ஜூலை 9, வியாழன்

அழுகை வரவில்லை. வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன்.

சனிக்கிழமை பேசினாள். பவளப்பாறையில் கால் கிழித்துவிட்டது, வீங்கியிருக்கிறது, உடம்பு சுடுகிறது என்றாள். மாத்திரை போடு, தண்ணீர் நிறையக் குடி என்றேன். "சரிங்க டாக்டர் ஓபெட்" என்று சிரித்தாள். நான் அப்போது ஒரு கேபிளின் முனையை உரித்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். வீக்கம் எந்த நிறம் என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூலை 11, சனி

லெய்வியா பாடம் சொல்லிக்கொடுத்த தீவுக்குச் சரக்குப் படகில் வந்து சேர்ந்தேன். துறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒப்பாரி எழுந்தது. ஒவ்வொருத்தராக என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் வைத்து அழுதார்கள். கை முழுக்க ஈரம். என் கண் மட்டும் காய்ந்து கிடந்தது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற யோசனைதான் எனக்கு.

மாதா கோயிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். சுற்றி வெள்ளைப் பவளக்கல். மண் இன்னும் இறங்கவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

இந்த ஊர்த் தாரியின் மனைவி செரா எல்லாம் சொன்னாள். கடைசி இரண்டு நாளும் லெய்வியாவின் தலை செராவின் மடியில்தான் இருந்திருக்கிறது. பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக தாரி இரண்டு தடவை படகை இறக்கினானாம். இரண்டு தடவையும் அலை திருப்பிவிட்டது. இரண்டாம் தடவை என்ஜின் உடைந்தது.

"குளிப்பாட்டி, துணி மாத்தி, பாய்ல சுத்தி வெச்சிட்டுக் காத்திருந்தோம் தம்பி. எடுக்கலாமா வேணாமான்னு ஆம்பளைங்களுக்குள்ள பேச்சு. அவங்க வீட்டு ஆளுங்க வேணுமேன்னு தாரி சொன்னாரு. அப்பறம் நீ போன்ல சொல்லிட்டேன்னு ஜெத்ரோ வந்தாரு. புருஷன் சொல்லிட்டா அப்பறம் என்ன. எடுத்துட்டோம்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

இந்த ஊரில் யாராவது ஒருத்தர் வீட்டுப் பெண்ணாக இல்லாமல் ஒரு பெண் இருக்க முடியாது. எந்தத் தோட்டத்தில் கிழங்கு பிடுங்குவாள், எந்தக் கிணற்றில் முறை கேட்பாள்? லெய்வியா வந்த வாரமே தாரி அவளைத் தங்கை என்று சொல்லி வீட்டோடு சேர்த்துக்கொண்டான். அதனால் நான் அவனுக்கு மாப்பிள்ளை. வந்தபோதெல்லாம் என்னைக் கேலி பண்ணியே கொல்லுவான். நேற்றிலிருந்து ஒரு வார்த்தை கேலி இல்லை.

அவன் சவரம் செய்துகொள்ளவில்லை. நானும்தான். நூறாம் நாள் வரை துக்கத் தாடி.

ஜூலை 15, புதன்

இன்று கலோரிப் கூப்பிட்டான். லெய்வியாவின் அண்ணன், கூடப் பிறந்தவன். அவள் பிறந்த தீவு தொங்கோவாவிலிருந்து.

"மாப்ள."

"மச்சான்."

"யார்கிட்ட கேட்ட?"

வெயில், கப்பல், ஐஸ் என்று சொல்லிக்கொண்டே போனேன். முழுக்கக் கேட்டான்.

"நான் அதைக் கேக்கல. எங்க வீட்ல யார்கிட்ட கேட்டேன்னு கேட்டேன்."

பெண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் அவள் உடம்பு பிறந்த வீட்டுடையது. எங்கே வைப்பது என்று சொல்ல அண்ணன் தம்பிக்குத்தான் வாய் உண்டு. பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று கோபுரத்தில் தெரியவில்லை. ஜெத்ரோ ஒரு கேள்வி கேட்டார், நான் வேலையில் பதில் சொல்கிற மாதிரி பதில் சொன்னேன். கணக்காகப் பார்த்தால் சரியான பதில். சொல்லத்தான் எனக்கு உரிமை இல்லை.

அவர்களுக்குச் செய்தி கோயில் ஆட்கள் மூலமாகப் போயிருக்கிறது. மண் போட்ட பிறகு. நானே கூப்பிட்டிருக்கலாமே. கையில்தானே போன் இருந்தது. சிக்னல் இல்லை என்று சொல்லவும் வழியில்லை, கோபுரத்து மேலேயே உக்காந்திருந்தேன்.

ஜூலை 20, திங்கள்

லெய்வியாவின் நான்காம் வகுப்புக்கு ஆள் இல்லை. அரசாங்கம் அனுப்பும் என்கிறார் ஜெத்ரோ. எப்போது என்று கேட்டால் கடலைப் பார்க்கிறார். நான் போய் நின்றேன். கம்பெனியில் சம்பளமில்லாத விடுப்பு சொல்லியிருக்கிறேன்.

கரும்பலகையில் கூட்டல் கணக்கு எழுதினேன். ஒருத்தரும் எழுதவில்லை.

"சார், டீச்சர் மீன்லதான் கணக்கு போடுவாங்க" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"மீன்ல எப்படிப் போடறது?"

"கூடையில பதினாலு மீனு. தாரி மாமா அஞ்சு தின்னுட்டாரு. மீதி எவ்வளவு?"

"அவரு அஞ்சோட நிறுத்த மாட்டாரு சார்" என்றது பின்வரிசை. "கூடையையும் சேத்துத் தின்னுடுவாரு."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சத்தமாக. பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

அப்புறம் மணி அடிக்கிறவரை தலை நிமிரவில்லை. அவள் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நான் அவள் வகுப்பில் நின்று அவள் கணக்குக்குச் சிரிக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

பள்ளிக்கு முன்னால் உள்ள துறையில் ஈச்ச ஓலை மாதிரி ஒரு ஓலையை நட்டிருக்கிறார்கள். அவளுக்காகக் கடலை மூடியிருக்கிறார்கள். நூறாம் நாள் வரை அந்தப் பவளப்பாறைப் பக்கம் யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள், இறங்கவும் மாட்டார்கள். பிள்ளைகள் மத்தியானம் வெறும் கிழங்கு தின்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அவள் பெட்டியைத் திறந்தேன். ஒரு சுருட்டிய பாய், கெட்டில், சாக்பீஸ், இரண்டு கவுன். மூன்று தீவு இதோடுதான் சுற்றினாள். எல்லாக் கப்பலிலும் வாந்தி எடுப்பாள். கரையில் இறங்கியதும் வாயைத் துடைத்துக்கொண்டு, "பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?" என்பாள். அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் சோலார் பலகை மாட்டப் போனபோதுதான் அவளைப் பார்த்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "வாரத்துக்கு ஒரு கூடை கிழங்கு. தலைவருக்கு மனசு வந்தா கோழி" என்றாள். எவ்வளவு காலம் இப்படி என்று கேட்டேன். "கோழி தீர்ற வரைக்கும்."

கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன், சாண்டோவுக்கு வந்துவிடேன், வீட்டில் கரண்ட் இருக்கிறது என்று. இந்த வருஷம் முடியட்டும் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தனியாக இருப்பது வசதியாக இருந்தது. சத்தமில்லாமல் வேலை பார்க்கலாம்.

இதை யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 15, சனி

கலோரிப் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நேரில் போகிறேன். தாரியின் வீட்டிலிருந்து சிவப்புப் பாய்கள் கொடுத்தனுப்புகிறார்கள், பிறந்த வீட்டுக்குச் செய்ய. செரா நெய்தவை. அவள் தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்தவை. வேண்டாம் என்றேன். "உனக்கில்ல, லெய்வியாவுக்கு. வாயை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ" என்றாள்.

ஆகஸ்ட் 24, திங்கள். தொங்கோவா

தலைநகர் வீலா போய்க் கப்பல் மாறி வந்தேன். வழியெல்லாம் வாந்தி. எனக்கு இதற்கு முன் வந்ததில்லை.

மாமியார் என்னைக் கண்டதும் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். கோழி வைத்து லப்லப், துருவிய கிழங்கை இலையில் மடித்து வேகவைத்தது. தேங்காய்ப்பால் கெட்டியாக, மேலாக இருந்த துண்டை எனக்கு வைத்தார். சாப்பிடச் சாப்பிட இலையில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்.

கலோரிப் வலை பின்னிக்கொண்டிருந்தான். பாய்களை அவன் முன்னால் வைத்தேன். தொடவில்லை.

"இதெல்லாம் எதுக்கு மாப்ள? பாய்ல நான் படுக்கவா?"

"தப்பு பண்ணிட்டேன் மச்சான்."

"அது எனக்கும் தெரியும். அவளைக் கொடு."

புரியவில்லை என்பதுபோல் பார்த்தேன். புரிந்தது.

"நூறாம் நாளைக்கு வரேன். நாலு பேரோட. அவளை எடுத்துட்டு வந்து அப்பா பக்கத்துல வெக்கறேன். நீ முன்னாடி போய் அந்த ஊர்க்காரங்ககிட்ட சொல்லி வை. சொல்லிட்டு வந்தா அது முறை. சொல்லாம வந்து தோண்டினா வெட்டுக்குத்து ஆயிடும். அவங்களும் மண்ணு போட்டவங்க. புரியுதா?"

சரி என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லு. சட்டுனு சரி சொல்றதுல நீ கெட்டிக்காரன்."

செப்டம்பர் 3, வியாழன்

திரும்பிவிட்டேன். தாரி கரைக்கே வந்திருந்தான். "என்ன சொன்னாரு? பாயை வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டாரு."

அவன் முகம் அப்படி மலர்ந்தது. செராவிடம் சொல்ல ஓடினான்.

பாய்கள் வீலாவில் என் சித்தப்பா வீட்டுப் பரணில் இருக்கின்றன.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமா. அவன் சிரிச்ச மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்.

செப்டம்பர் 4

சொல்லவில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

இரவுச் சாப்பாடு தினம் அவர்கள் வீட்டில்தான். செரா என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், குறைந்தால் போடுகிறாள். இளைத்துவிட்டேன் என்று இன்னும் போடுகிறாள்.

செப்டம்பர் 19, சனி

கலோரிப் கூப்பிட்டான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"ஒண்ணுமே சொல்லலியா? சும்மா சரின்னாங்களா?"

"வருத்தம்தான். ஆனா சரின்னாங்க."

போன் கையில் இருந்தால் எனக்கு என்ன ஆகிறது? எதிரில் முகம் இல்லையென்றால் எதையும் சொல்லிவிடுவேன் போல.

செப்டம்பர் 29, செவ்வாய்

நூறாம் நாளுக்குள் கல்லறைக்கு சிமென்ட் பூச வேண்டும் என்று ஊரே இறங்கியிருக்கிறது. தீவின் மறுபக்கத்திலிருந்து மணலைப் பெண்கள் தலையில் சுமந்து வந்தார்கள். மழைத் தண்ணீர்த் தொட்டிக்கு வைத்திருந்த சிமென்ட் மூட்டைகளை ஜெத்ரோ கொடுத்துவிட்டார். படித்தவன் என்று கலவை போட என்னைக் கூப்பிட்டார்கள்.

போட்டேன். ஒன்றுக்கு மூன்று. தண்ணீர் கூடாமல், கட்டி தட்டாமல். கை தானாகச் செய்தது.

"என்ன மாப்ள, கோபுரத்துக்கா கலக்கறே?" என்றான் தாரி. அவன் என்னைக் கேலி பண்ணுவது ஜூலைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "இவ்வளவு கெட்டியா போட்டா கடைசித் தீர்ப்பு நாள்ல எல்லாரும் எழுந்திருச்சுப் போயிடுவாங்க, என் தங்கச்சி மட்டும் உள்ள இருந்து தட்டிக்கிட்டிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். செரா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஓரத்தை நான்தான் மட்டப்பலகை வைத்துத் தேய்த்தேன். வழுவழுவென்று வந்திருக்கிறது. நூறாம் நாளில் இதைக் கடப்பாரையால் உடைப்பார்கள். தெரிந்தே தேய்த்தேன்.

அக்டோபர் 7, புதன்

கம்பெனியிலிருந்து போன். பதினேழாம் தேதிக் கப்பலில் ஏறிவிட வேண்டும், தெற்கே புதுக் கோபுரம், இல்லையென்றால் வேறு ஆள். வருகிறேன் என்றேன். பார், மறுபடி. கேட்டதும் பதில்.

ஓடிவிடலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது. இருந்தது.

அக்டோபர் 14, புதன்

சொல்லிவிட்டேன்.

கலோரிப் வீலாவில் கப்பல் ஏறியதும் கூப்பிட்டான். "அவளைச் சுத்தி எடுத்துட்டு வர எங்கம்மா வெள்ளைத் துணி குடுத்திருக்காங்க" என்றான். அந்தத் துணியைப் பற்றிக் கேட்டதும் கால் தானாகத் தாரியின் தோட்டத்துக்கு நடந்தது.

அவன் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாம் சொன்னேன். கேட்காமல் புதைக்கச் சொன்னது, கலோரிப் கேட்டது, பாய்கள் பரணில் கிடப்பது, நாலு பேர் வருவது.

அவன் குழியில் மண்ணைத் தள்ளி மிதித்தான். அடுத்த குழிக்குப் போனான்.

"சிமென்ட் கலக்கும்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ம்."

இன்னொரு குழி.

"கூடப் பொறந்தவன் அந்த மண்ணை வெட்டக் கூடாது. பாவம். நாங்க போட்டது, நாங்களே ஒடைச்சுக் குடுக்கறோம்" என்றான். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தான்.

செராதான் விடவில்லை. "வாயை மூடியிருக்கவேண்டிய அன்னிக்கு ஒரு நிமிஷத்துல தொறந்துட்ட. தொறக்கவேண்டிய நேரத்துல ஆறு வாரமா மூடிக்கிட்டு என் வீட்ல உக்காந்து சோறு தின்னிருக்கே. அவ மட்டும் இருந்திருந்தா உன்னை வகுப்புக்கு வெளிய முட்டி போட வெச்சிருப்பா." சொல்லிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே தட்டை வைத்தாள். சாப்பிடவில்லை நான். அவளும் சாப்பிடச் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வெள்ளி

இப்போது எழுதாவிட்டால் முன்பின்னாக ஆகிவிடும்.

கப்பல் தூரத்தில் நின்றது. சின்னப் படகில் கலோரிப்பும் நாலு பேரும் வந்தார்கள். மண்வெட்டிகள் தெரிந்தன. ஊர் ஆண்கள் கரையில் நின்றார்கள். நேரே பள்ளித் துறைக்கு வந்த படகு நடுவில் நின்றுவிட்டது. கலோரிப் எழுந்து, துறையில் நட்டிருந்த ஓலையைப் பார்த்தான். திருப்பச் சொன்னான். பாறையைச் சுற்றிக்கொண்டு, அலை அடிக்கிற அந்தப் பக்கம் போய், இடுப்பளவு நனைந்து இறங்கி நடந்து வந்தார்கள்.

வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இங்க யாரு செத்தது? தலைவரா?"

"உங்க தங்கச்சிதான்" என்றார் ஜெத்ரோ.

"அவளுக்கா கடலை மூடினீங்க?"

"வேற யாருக்கு?"

கல்லறையின் ஒரு மூலை உடைந்திருந்தது. தாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், கடப்பாரை மடியில். நான் தேய்த்த ஓரம்தான். அவனால் அதற்குமேல் முடியவில்லையாம்.

கலோரிப் அவன் தாடியைப் பார்த்தான். "நீ யாரு?"

"அவ இங்க இருக்கற வரைக்கும் அண்ணன்."

"அப்ப நான்?"

"நீ கூடப் பொறந்தவன். உனக்குத்தான் வாய் உண்டு. சொல்லு, ஒடைச்சுத் தரேன்."

கலோரிப் வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். பிறகு தாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "கடைசியா என்ன சாப்பிட்டா?" என்றான்.

செரா சொன்னாள். கஞ்சி. அதையும் கக்கிவிட்டாள். யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்டான். அம்மாவை, என்றாள் செரா, அப்புறம் வகுப்புப் பிள்ளைகளைப் பேர் பேராக. புருஷன் பேரைக் கூப்பிட்டாளா என்று அவன் கேட்கவில்லை. செராவும் சொல்லவில்லை.

"சவரக்கத்தி இருக்கா?" என்றான் கலோரிப்.

முதலில் தாரிக்குச் செய்தான். தாரி அவனுக்குச் செய்தான். இரண்டு பேர் கன்னமும் வெளுப்பாக, புதுசாக இருந்தது. அம்மா கொடுத்த வெள்ளைத் துணியை விரித்துக் கல்லறைமேல் போட்டு நாலு மூலையிலும் கல் வைத்தான். அவள் இங்கேயே இருக்கட்டும் என்று வாயால் சொல்லவில்லை. துணி போட்டுத்தான் சொன்னான்.

பிறகு தாரியிடம், "வரேன்னு மாப்ள முன்னாடியே சொன்னாருல்ல?" என்று கேட்டான்.

"சொன்னாரு" என்றான் தாரி, என்னைப் பார்க்காமல்.

அதோடு போயிருக்கும். எல்லாம் முடிந்திருக்கும்.

"முந்தாநாள்தான் சொன்னேன் மச்சான்" என்றேன். "போன்ல உங்ககிட்ட சொன்னது பொய். பாயை நீங்க வாங்கிக்கிட்டதா இவங்ககிட்ட சொன்னதும் பொய்."

அடிப்பான் என்று நினைத்தேன். நகராமல் நின்றேன். கத்தியைத் துணியில் துடைத்து மடக்கினான்.

"உனக்கு நான் சவரம் பண்ண மாட்டேன் மாப்ள. இங்கேன்னு சொன்னது நீதான? அப்ப நீயும் இங்கேயே இரு. நாங்க தூரத்துல இருக்கோம், பாத்துக்க ஒரு ஆள் வேணும். ஒடைஞ்ச மூலையப் பூசு. அவ பாதியில விட்ட பிள்ளைங்களைப் பாரு. அடுத்த வருஷம் அம்மாவைக் கூட்டிட்டு வரேன். தாடிய எடுக்கலாமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

அவன் காத்திருந்தான். உடனே சரி சொல்லவில்லை நான். உடைந்த மூலையைப் பார்த்தேன், வகுப்பைப் பார்த்தேன், செராவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இருக்கேன்" என்றேன்.

அக்டோபர் 17, சனி

கப்பல் ஊதிவிட்டது. கலோரிப்பும் ஆட்களும் ஏறிவிட்டார்கள். தாரி படகில் கொண்டுபோய் விட்டு வந்தான். என்னிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் கலவைச் சட்டியை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கம்பெனிக்கு வரவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்கள். கரையிலிருந்து கப்பல் இன்னும் தெரிகிறது, கை காட்டினால் படகு அனுப்புவார்கள். மறுபடி அடித்தது. சட்டியில் சிமென்டுக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, விட்டால் இறுகிவிடும். போனை அணைத்துவிட்டேன்.